தண்ணீர் ஓடினால்தான் வாய்க்கால்

பதினெட்டு வயதில் தம் பிடித்து சைக்கிள் மிதித்தவர்கள், பிற்காலத்தில் சாலை விபத்தில் சாவதும் நீரில் மூழ்கிச் சாவதும் குறைவு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட கணக்கு இப்படிச் சொல்கிறது. கட்டாய ராணுவப் பணிக்காக 1972 முதல் 1995 வரை பரிசோதிக்கப்பட்ட சுமார் 11 லட்சம் இளைஞர்களின் பதிவுகளை அவர்கள் புரட்டினார்கள். உடல்திறனில் முதல் வரிசையில் நின்றவர்கள், கடைசி வரிசையில் நின்றவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தது 58 சதவீதம் குறைவு. புற்றுநோயால் இறந்தது 31 சதவீதம் குறைவு. இவை நாம் எதிர்பார்ப்பவைதான். அடுத்துத்தான் தூக்கிவாரிப் போடும் எண் வருகிறது: விபத்து போன்ற தற்செயல் சாவுகளும் அவர்களிடையே 53 சதவீதம் குறைவு.

லாரி வந்து மோதும்போது ஒருவரின் மூச்சுத்திறனா அவரைக் காப்பாற்றும்? ஆய்வாளர்களே அப்படி நம்பவில்லை. நம்பாததால்தான் அந்த எண்ணைத் தேடிப் போனார்கள். காய்கறிக் கடையில் தராசின் மேல் சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்வோம்? தட்டில் ஒன்றும் வைக்காமல், முள் நகர்கிறதா என்று பார்ப்போம். உடல்திறனுக்கும் தற்செயல் விபத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்க முடியாது. அதுதான் வெறும் தட்டு. வெறும் தட்டிலேயே முள் 53 காட்டினால், அதே தராசில் நிறுத்த 58ஐயும் 31ஐயும் எப்படி அப்படியே வாங்கிக்கொள்வது? நன்றாக மிதித்த பையன்கள் வேறு பல விதங்களிலும் கொடுத்துவைத்தவர்களாக இருந்திருக்க வேண்டும். வீட்டு வசதி, படிப்பு, நிதானமான சுபாவம், பெற்றோரிடமிருந்து வந்த உடல்வாகு என்று எத்தனையோ. அந்தக் கொடுப்பினை அத்தனையையும் உடற்பயிற்சியின் கணக்கில் வரவு வைத்துவிட்டோமோ என்பதுதான் உப்சாலாக்காரர்களின் கேள்வி.

இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது. காரணம், பதின்பருவத்து ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டும் ஆய்வும் இதே ராணுவப் பதிவேட்டிலிருந்து வந்ததுதான். 2016இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியானது. 1969 முதல் 1997 வரை பரிசோதனைக்கு வந்த 15,47,189 இளைஞர்களை அது பின்தொடர்ந்தது. அந்தந்த ஆண்டில் 18 வயதான ஸ்வீடன் ஆண்களில் 97, 98 சதவீதம் பேர் இதில் அடக்கம். பணக்கார வீட்டுப் பிள்ளை, மரம் வெட்டுபவரின் பிள்ளை என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் அதே சைக்கிளில் ஏறினார்கள். மிதிப்பதற்கான எதிர்ப்பை நிமிடத்துக்கு 25 வாட் வீதம் கூட்டிக்கொண்டே போவார்கள். இனி முடியாது என்று பையன் காலை நிறுத்தும் இடம்தான் அவனுடைய மூச்சுத்திறனின் அளவு. கை, கால் தசைகளின் பலத்தைத் தனியாக அளந்தார்கள். எடை, உயரம் உண்டு. 1947 முதலே ஒவ்வொரு குடிமகனுக்கும் அடையாள எண் கொடுத்த நாடு என்பதால், அதே பையன் நாற்பது வயதில் எந்த மருத்துவமனையில் என்ன நோய்க்குப் போனான் என்பதையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

2012 வரை பார்த்ததில் 93,035 பேருக்கு உயர் ரத்த அழுத்தம் பதிவாகியிருந்தது. 18 வயதில் எடை அதிகமாக இருந்தவர்களுக்கு, சரியான எடையில் இருந்தவர்களைப்போல இரண்டரை மடங்கு ஆபத்து. மூச்சுத்திறனில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கு, மேல் மூன்றில் ஒரு பங்கினரைப்போல ஒன்றரை மடங்கு. இரண்டு குறையும் சேர்ந்திருந்தால் மூன்றரை மடங்கு. தசைப்பலம் கூடினாலும் குறைந்தாலும் ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. என் மனதில் தைத்தது இன்னொன்று: எடை சரியாக இருந்தவர்களிடமும், மூச்சுத்திறன் குறைந்தால் ஆபத்து கூடியது. “பையன் ஒல்லிதானே, அவனுக்கு எதுக்கு பிரஷர் வரப்போகுது” என்று நம் வீடுகளில் சொல்லும் சமாதானத்துக்கு நேர் எதிரான முடிவு இது.

இப்போது வெறும் தட்டின் சோதனையை இங்கேயும் வைத்துப் பார்க்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு அந்தப் பையன்கள் ஓடினார்களா, புகைத்தார்களா, என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில் இல்லை. பெண்கள் இல்லவே இல்லை. 93,035 என்பது நூற்றுக்கு 6 பேர். நடுவயது ஆண்களிடம் இது மிகக் குறைவு. பக்கத்துத் தெரு டாக்டரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு, பெரிய பதிவேடுகளில் ஏறாமலே போனவர்கள் ஏராளம் இருந்திருப்பார்கள். மூச்சுத்திறனிலேயே பிறவிப் பங்கு பெரிது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ‘ஹெரிட்டேஜ்’ குடும்ப ஆய்வில், 20 வாரம் ஒரே பயிற்சியைக் கொடுத்தும் சிலருக்கு மூச்சுத்திறன் ஒரு லிட்டர் ஆக்சிஜன் அளவுக்கு ஏறியது, சிலருக்கு அசையவே இல்லை. அந்த வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதி குடும்ப வழி வருவது. ஆகவே ஒன்றரை மடங்கு என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. நிஜம் அதைவிடக் கம்மியாக இருக்கலாம்.

அப்படியானால் மிச்சம் என்ன? 15 லட்சம் பேரின் ஏட்டைவிட, 19 பிள்ளைகளின் கையில் நடந்த ஒரு சின்னச் சோதனை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. அதைப் புரிந்துகொள்ள ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் போக வேண்டும்.

எடை எப்படி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடம்பு பெருத்தால் அதற்கு ஓட வேண்டிய ரத்தமும் பெருகுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகள் தேவைக்கு மேல் முறுக்கேறி நிற்கின்றன. சிறுநீரகத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அதை அமுக்குகிறது. விளைவு, வெளியே தள்ள வேண்டிய உப்பைச் சிறுநீரகம் பிடித்துவைக்கிறது. உப்போடு தண்ணீரும் தங்குகிறது. இது பாடப்புத்தகச் சமாச்சாரம். மூச்சுத்திறன் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்பதுதான் என்னை மயக்குவது.

ரத்தக்குழாயின் உட்புறம் முழுவதும் ஒற்றை அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்கு. நெடுங்காலம் இதை ஒரு வெறும் பூச்சு என்றே நினைத்தார்கள், தண்ணீர்த் தொட்டிக்குள் அடிக்கும் சிமென்ட் பால்போல. உண்மையில் உடம்பிலேயே இதைப்போலத் தொட்டுணரும் திறமை வேறெதற்கும் இருக்குமா என்பது சந்தேகம். ஓடும் ரத்தம் சுவரின் மேல் இரண்டு விதமாகச் செயல்படுகிறது. ஒன்று, வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. கையில் பட்டை கட்டி நாம் அளக்கும் அழுத்தம் அதுதான். இன்னொன்று, போகிற போக்கில் சுவரை உரசி இழுக்கிறது. அந்த இழுப்பு, தள்ளும் அழுத்தத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு துடிப்பிலும் பத்தாயிரம் பங்கு இடி வாங்கிக்கொண்டே, அந்த ஒரு பங்கு உரசலை இந்தச் செல்கள் தனியாகப் பிரித்து உணர்கின்றன. கோயில் திருவிழாக் கூட்ட நெரிசலில், ஒரு குழந்தை சட்டை நுனியை இழுப்பதை உணர்வதுபோல.

கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது அவர் பொறுப்பு. வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, கெண்டைக்காலில் தண்ணீர் இழுக்கும் இழுப்பை வைத்தே ‘கடைமடைக்குப் போய்ச் சேரும், சேராது’ என்று சொல்லிவிடுவார். எண்டோதீலியச் செல் ஒவ்வொன்றும் அப்படி ஒரு நீர்பாய்ச்சி. ரத்தக்குழாய் முழுக்க, அடிக்கு லட்சக்கணக்கில், வரிசை கட்டி நிற்கிறார்கள். நேராக ஓடும் இடங்களில் அந்தச் செல்கள் ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு படுத்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரத்தம் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லிவிடலாம். இழுப்பை உணர அவற்றுக்கு மெல்லிய ரோம வேலி போன்ற ஒரு சர்க்கரைப் படலமும், இழுத்தால் திறந்துகொள்ளும் நுண்கதவுகளும் உண்டு. ‘பியேசோ-1’ என்ற அப்படியொரு கதவை 2010இல் கண்டுபிடித்த ஆர்டம் படபூட்டியனுக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இழுப்பு கூடியதும் நீர்பாய்ச்சி என்ன செய்வார்? கரையில் நிற்கும் ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: “அகட்டுங்கப்பா, தண்ணி வருது!” ரத்தக்குழாயில் அந்தக் குரல் ஒரு வாயு. நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான் மூலக்கூறு. செல் அதை உண்டாக்கி வெளியே விட, சவ்வுகளைச் சட்டை செய்யாமல் ஊடுருவிப் போய், சுவரைச் சுற்றியிருக்கும் தசைநார்களைத் தளர்த்துகிறது. குழாய் அகல்கிறது. அகன்றதும் உரசல் குறைகிறது, குரலும் தணிகிறது. மேலிடத்து உத்தரவு ஏதும் வேண்டியதில்லை. மூளைக்குச் சேதி போக வேண்டாம். அந்தந்த இடத்து ஓட்டத்துக்கு ஏற்ப அந்தந்த இடத்துக் குழாய் தன்னை அளவெடுத்துக்கொள்கிறது. குரல் சில வினாடிகளில் கரைந்துவிடும் என்பது இன்னொரு நேர்த்தி. பழைய கட்டளை நிலுவையில் நிற்காது, தண்ணீர் இழுத்துக்கொண்டே இருந்தால்தான் கத்திக்கொண்டே இருப்பார்.

கொஞ்சம் அகன்றால் என்ன பெரிதாக மாறும் என்று கேட்கலாம். குழாயின் ஆரம் பத்து சதவீதம் கூடினால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 46 சதவீதம் கூடும். ஆரத்தின் நான்காம் அடுக்குக் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டால், அதே அளவு ரத்தத்தை அனுப்ப மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே மேலான அழுத்தம் போதும். குறிப்பாக நுண்தமனிகளில் இந்த நூலிழை வித்தியாசம்தான் இதயத்தின் பாரத்தைத் தீர்மானிக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். தண்ணீர் ஒரு நாள் வந்தால் கரையாட்கள் சற்று விலகி நிற்பார்கள். மாதக்கணக்கில் தினமும் வந்தால்? கரையையே நகர்த்திக் கட்டிவிடுவார்கள். ஸ்குவாஷ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கையில் தமனி மற்றக் கையைவிட அகலமாக இருக்கிறது. உடம்பு ஒன்று, சாப்பாடு ஒன்று, பரம்பரையும் ஒன்று. ஓட்டம் மட்டும்தான் வேறு. ஸ்வீடன் ஏட்டைக் குழப்பிய வீட்டு வசதி, படிப்பு, சுபாவம் எதுவும் இங்கே குறுக்கே வர முடியாது. இடது கைக்கு ஒரு அப்பா, வலது கைக்கு ஒரு அப்பா என்று கிடையாதே.

தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோரை முளைக்கும், கருவேலம் ஏறும், பக்கத்து வயல்காரர் வரப்பை ஒரு சாண் உள்ளே தள்ளிப் போடுவார். ரத்தக்குழாயும் அப்படியே செய்கிறது. 1986இல் லேங்கில், ஓ’டானல் என்ற இருவர் முயலின் கழுத்துத் தமனியில் ஓட்டத்தை 70 சதவீதம் குறைத்தார்கள். இரண்டே வாரத்தில் தமனியின் விட்டம் 21 சதவீதம் சுருங்கிவிட்டது. உள்சுவர்ச் செல்களை அகற்றிவிட்டு அதையே செய்தபோது சுருங்கவில்லை. நீர்பாய்ச்சி இல்லாத வாய்க்காலில் தண்ணீர் குறைந்த சேதியைக் கரைக்குச் சொல்ல ஆளில்லை! மனிதர்களிலும், முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களின் தொடைத் தமனி சில வாரங்களுக்குள்ளேயே கணிசமாகச் சுருங்குவதை அளந்திருக்கிறார்கள். அசையாத காலுக்கு அகலமான வாய்க்கால் எதற்கு என்று உடம்பு முடிவு செய்துவிடுகிறது.

வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் தண்ணீர் சுழலும். வண்டல் அங்கேதான் படியும். தமனி கிளை பிரியும் இடங்களிலும் ரத்தம் சுழல்கிறது. அங்கே செல்கள் வரிசை கலைந்து கிடக்கின்றன, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியாமல். பிற்காலத்தில் கொழுப்புப் படிவு முதலில் தலைகாட்டுவதும் அந்த இடங்களில்தான். எடை மிகுந்த உடம்பில் இன்னொரு தொல்லை. வீக்கத்தோடு உண்டாகும் ஆக்சிஜன் கழிவுகள் நைட்ரிக் ஆக்சைடைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. நீர்பாய்ச்சி கத்துகிறார், கரைக்குக் கேட்பதில்லை.

இதற்குமேல் இந்த ஒப்புமையை இழுத்தால் கரை உடைந்துவிடும். நிஜ வாய்க்காலின் கரைக்கு உயிரில்லை, அதன் தண்ணீரை ஒரு இதயம் தள்ளுவதில்லை, கடைமடையில் உப்புக் கணக்குப் பார்க்கும் சிறுநீரகம் இல்லை. நீண்ட காலத்துக்கு ரத்த அழுத்தம் எங்கே நிற்கும் என்பதில் சிறுநீரகத்துக்கும் நரம்புகளுக்கும் பெரும் பங்கு உண்டு. இருந்தாலும் கைக்கும் கைக்கும் வித்தியாசம் காட்டுகிற இந்த ஏற்பாட்டைவிடத் தெளிவான சாட்சி எனக்கு வேறில்லை.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனித் துண்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே மருந்து சில நேரம் துண்டைச் சுருக்கியது, சில நேரம் தளர்த்தியது. தயாரிக்கும்போது உட்புறத்தை உரசிவிட்டால் தளர்வதில்லை என்று கண்டுபிடித்து 1980இல் எழுதினார். உள்சுவர்ச் செல்கள் ஏதோ ஒன்றை வெளியிடுகின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடு என்று நிலைபெற்ற பிறகு அவரும் லூயி இக்னாரோவும் ஃபெரித் முராதும் 1998இல் நோபல் பரிசு பெற்றார்கள். டைனமைட்டுக்காக நைட்ரோகிளிசரினைக் கட்டியாண்ட ஆல்ஃப்ரெட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின்தான் பரிந்துரைக்கப்பட்டது. உடம்புக்குள் அது வேலை செய்வது இதே வாயுவின் வழியாகத்தான்.

இனி அந்த 19 பிள்ளைகள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்து 2004இல் வெளியான சோதனை. சராசரியாக 14 வயது, எல்லோருக்கும் உடற்பருமன். சோதனை முறை நம் வாய்க்கால் கதையேதான். முன்கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள், பிறகு சட்டென்று விடுகிறார்கள். வெள்ளம்போல ரத்தம் பாயும். அப்போது மேற்கைத் தமனி எவ்வளவு அகல்கிறது என்பதை அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள். மடையை அடைத்துத் திறந்து, நீர்பாய்ச்சி விழித்திருக்கிறாரா என்று பார்ப்பது. பருமனான பிள்ளைகளின் தமனி சுமார் 5 சதவீதம்தான் அகன்றது. எடை சரியாக இருந்த பிள்ளைகளுக்கு 9 சதவீதத்தையொட்டி. எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், மூச்சு வாங்கும்படியான பயிற்சி கொடுத்த பிறகு பருமனான பிள்ளைகளின் தமனியும் ஏறத்தாழ 9 சதவீதம் அகன்றது. எடை பார்க்கும் மெஷினில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. வயிற்றுப் பகுதிக் கொழுப்பு குறைந்திருந்தது, ஆனால் மெஷினில் ஏறி நின்று பார்த்த பிள்ளைக்கு அது தெரிந்திருக்காது.

வெறும் 19 பேர் என்று யாரும் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் இங்கே ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தானே ஒப்பீடு. பயிற்சி உள்ள எட்டு வாரத்தையும் இல்லாத எட்டு வாரத்தையும் அதே உடம்பில் பார்த்தார்கள். ஜெனீவாவில் பருவமெய்தாத 44 பருமனான குழந்தைகளிடம் நடந்த சோதனையும் இதோடு ஒத்துப்போகிறது. மூன்று மாதம், வாரம் மூன்று மணி நேரம் பயிற்சி பெற்றவர்களின் 24 மணி நேர ரத்த அழுத்தம் இறங்கியது. எனக்கு இதுபோதும். 40 ஆண்டு ஆயுள் கூடும் என்பது போன்ற வாக்குறுதிகளைப் பத்திரிகைத் தலைப்புகளுக்கு விட்டுவிடலாம். எட்டு வாரத்தில் தமனி மாறுகிறது என்பது கண்ணால் பார்த்தது.

தசைப்பலம் ஏன் கணக்கில் வரவில்லை? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போதும் நீந்தும்போதும் ரத்த ஓட்டம் பல நிமிடங்கள் நிதானமாகப் பெருகி நிற்கிறது. மூச்சைப் பிடித்துப் பெரும் பாரம் தூக்கும்போது தசை இறுகிக் குழாயை நெரிக்கிறது; அழுத்தம் எகிறுகிறது, ஓட்டம் ஏறுவதில்லை. 1985இல் ஐந்து உடற்கட்டுக் கலைஞர்களின் தமனிக்குள்ளேயே அளந்து பார்த்தார்கள். இரண்டு காலாலும் பாரத்தை உந்தும்போது சராசரி ரத்த அழுத்தம் 320/250 வரை போனது. சில வினாடிகளுக்கு மட்டும்தான், அதனால் யாரும் பயப்பட வேண்டாம். பலப் பயிற்சி கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களுக்குச் சுவரில் சாய்ந்து அரை உட்கார்வாக நிற்பதுகூட ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 2023இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஆனால் ‘சிக்ஸ் பேக்’ வந்துவிட்டால் இதயம் பத்திரம் என்று நினைக்கும் தம்பிகள் அந்த ஸ்வீடன் வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

அதே தம்பிகளுக்கு இன்னொரு வார்த்தை. ஜிம்களில் ‘நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்’ என்று ஒரு பொடியை விற்கிறார்கள். அர்ஜினின் என்ற அமினோ அமிலம் அதில் பெரும்பாலும் இருக்கும். செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் செய்வது அர்ஜினினிலிருந்துதான் என்பது உண்மை. ஆனால் ஆரோக்கியமான உடம்பில் அர்ஜினினுக்குப் பஞ்சமே இல்லை. விழுங்கும் அர்ஜினினிலும் பெரும் பங்கைக் குடலும் கல்லீரலும் சிதைத்துவிடுகின்றன. பஞ்சம் ஓட்டத்துக்குத்தான். ஜிம்முக்குப் போகுமுன் குடிக்கும் இந்த மாதிரிப் பொடிகள் பலவற்றில் காஃபீனும் கலந்திருக்கும், அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். காசு கொடுத்து எதிர்த்திசையில் போவது இது.

பதின்வயது ஏன் இவ்வளவு முக்கியம்? பெருந்தமனிக்கு ரப்பர்த்தன்மை தருவது எலாஸ்டின் என்ற புரதம். அதில் பெரும்பகுதியைக் கருவிலும் வளரும் வயதிலும் உடம்பு கட்டி முடித்துவிடுகிறது. பெரியவர்களான பிறகு புதிதாகச் செய்வது சொற்பம். வாழ்நாள் முழுவதற்கும் அந்தக் கையிருப்புதான். 15 வயதிலேயே கூடுதல் அழுத்தத்தில் அதை இழுத்து இழுத்து விட்டால், தேய்மானம் 15 வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

இதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரஷர் பார்த்து மிரட்டக் கிளம்பவும் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டி, 13 வயது முதல் 130/80 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறது. ஆனால் தனித்தனியாக மூன்று முறை வந்து அளந்த பிறகே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நோய்க்குறி இல்லாத எல்லாக் குழந்தைகளுக்கும் அளந்து பார்ப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று அந்நாட்டின் தடுப்பு மருத்துவக் குழு 2020இல் கூறியது. நம் நாட்டில் 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் காணப்பட்டது. ஒரே வருகையில் அளந்த எண் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதை ஒரு எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளலாம்.

என் அக்கா மகனுக்கு 15 வயது, கொஞ்சம் பருத்த உடம்பு. காய்ச்சலுக்குப் போன இடத்தில் பிரஷர் 142 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா இரவெல்லாம் தூங்கவில்லை. மறுவாரம் வேறொரு டாக்டர் பையனின் புஜத்தை டேப்பால் அளந்தார். முதலில் கட்டிய பட்டை அந்தக் கைக்குச் சிறியது. பட்டைக்குள் காற்றடைக்கும் பையின் அகலம் புஜத்தின் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும், நீளம் 80 முதல் 100 சதவீதம் வரை சுற்றி வர வேண்டும். சிறிய பட்டை இல்லாத அழுத்தத்தைக் காட்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பெரிய பட்டை கட்டி, இரண்டு முறை அளந்ததில் 124, 122. நோயில்லை, ஆனால் கவனிக்க வேண்டிய எண். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. “மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா தம்பி?” என்று கேட்டார். “வாங்குது சார்” என்றான். அவனிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. எடையைத்தான் எல்லோரும் கேட்டார்கள், அதுவும் சொந்தக்காரர்கள் முன்னிலையில். தினமும் மாலையில் பந்து விளையாடுகிறான் இப்போது. எடை இரண்டு கிலோகூட இறங்கவில்லை என்று அக்கா குறைப்படுகிறாள். நான் அவளிடம் பெர்த் பிள்ளைகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு சராசரியாக 60 நிமிட ஓட்டம் சாட்டம். 2016ஆம் ஆண்டின் நிலையை அது கணக்கிட்டபோது, 11 முதல் 17 வயது வரை பள்ளி செல்லும் பிள்ளைகளில் உலக அளவில் 81 சதவீதம் பேருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம், 85 சதவீதம். நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் பி.டி. பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுவது ஊரறிந்தது. அதே ஆண்டுகளில்தான் பிள்ளைகளின் தமனிகள் தங்கள் கரையை அளவெடுத்துக் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஆசிரியர்களே, பெற்றோர்களே, அந்தப் பீரியடைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஒல்லியான பிள்ளையையும் சேர்த்து மைதானத்துக்கு அனுப்புங்கள்.